80 விழுக்காடு வேகம், பாதி மின்சாரம்: கணக்கு அவ்வளவுதானா?

தொழில்துறைப் பயிற்சிக்காகப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு கணக்கு. மேல்தளத்தில் உள்ள இயந்திரங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் 75 கிலோவாட் பம்ப் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினால் ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்று எழுதித் தர வேண்டும். தொழிற்சாலையில் அதை எல்லாரும் 'இன்வெர்ட்டர்' என்றுதான் சொல்கிறார்கள். வீட்டு ஏர்கோனில் ஒட்டியிருக்கும் அதே சொல், அதே தத்துவம். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணை மாற்றினால் மோட்டாரின் வேகமும் மாறும்.

அரை மணி நேரத்தில் கணக்கை முடித்துவிட்டேன். விரிவுரையில் படித்த விதி மனப்பாடமாக இருந்தது. பம்பின் வேகம் குறைந்தால் நீரோட்டம் அதே அளவில் குறையும். அழுத்தம் வேகத்தின் இருமடியாகக் குறையும். இரண்டையும் பெருக்கினால் வரும் திறன், வேகத்தின் மும்மடியாகக் குறையும். வேகத்தை 80 விழுக்காடாக்கினால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. ஏறக்குறைய பாதி மின்சாரம் மிச்சம். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓட்டம் என்று வைத்து 75-ஐப் பெருக்கினேன். ஆண்டுச் சேமிப்பு 292,800 கிலோவாட் மணி என்று வந்தது. போட்ட பணம் 2 ஆண்டில் திரும்பிவிடும் என்றும் பெருமையாக எழுதினேன்.

அறிக்கையை முதலில் பார்த்தவர் அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்யும் சார்ஜ்மேன் அண்ணன். விதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, அந்த வால்வப் போய்ப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. பம்ப் அறைக்கே இரண்டு முறைதான் போயிருந்தேன்.

அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருந்தன என்பது பிறகுதான் புரிந்தது.

முதலாவது, மோட்டார் இப்போது உண்மையில் எவ்வளவு இழுக்கிறது? 75 கிலோவாட் என்பது தகட்டில் பொறித்த எண். அந்த மோட்டாரால் எவ்வளவு முடியும் என்பதைத் தகடு சொல்லும். எவ்வளவு செலவாகிறது என்பதைச் சொல்லாது. மின்திறன் பதிவு செய்யும் கருவியை ஒரு வாரம் மாட்டி வைத்தோம். வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 60 கிலோவாட். வால்வைக் கொஞ்சம் மூடி நீரோட்டத்தை 80 விழுக்காடாகக் குறைக்கும்போது 54 கிலோவாட். வால்வை மூடும்போதே மின்சாரம் ஓரளவு குறைந்துவிடுகிறது. இன்வெர்ட்டரின் சேமிப்பை இந்த 54-இலிருந்து கழிக்க வேண்டும், 75-இலிருந்து அல்ல. ஆம்பியரை மட்டும் அளந்துவிட்டு வருவதும் போதாது. சுமை குறைந்த மோட்டாரில் திறன் காரணியும் குறைவதால், ஆம்பியர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இரண்டாவது, நீரோட்டம் எத்தனை மணி நேரம் குறைகிறது? 8,000 மணியில் பாதி நேரம்தான். மீதி 4,000 மணி நேரம் முழு உற்பத்தி, முழு நீரோட்டம்.

மூன்றாவதுதான் என் கணக்கை உடைத்தது. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏற வேண்டும்? மும்மடி விதி, குழாயின் உராய்வை மட்டும் எதிர்த்துத் தண்ணீர் ஓடும் அமைப்புக்குப் பொருந்தும். உயரத்துக்கு ஏற்றும் வேலையோ நீரோட்டம் குறைந்தாலும் குறையாது. எங்கள் பம்பில் மொத்த அழுத்தத்தில் பாதி, உயரத்துக்காகவே செலவானது. நீரோட்டம் 80 விழுக்காடாகும்போது உராய்வுக்கான பாதி 0.5-இலிருந்து 0.32-ஆகக் குறையும், உயரத்துக்கான 0.5 அப்படியே நிற்கும். கூட்டினால் 0.82. அதை 0.8 நீரோட்டத்தால் பெருக்கினால் 0.656. அதாவது 60 கிலோவாட்டில் ஏறக்குறைய 39 கிலோவாட். இன்வெர்ட்டருக்குள் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 41.

இப்போது மறுபடியும் கணக்குப் போடுங்கள். 54-இலிருந்து 41 போக 13 கிலோவாட்; 4,000 மணிக்கு 52,000 கிலோவாட் மணி மிச்சம். முழு நீரோட்ட நேரத்தில் இன்வெர்ட்டர் எதையும் சேமிக்காது. சுமார் 2 கிலோவாட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். அதற்கு 8,000 கழித்தால், நிகரச் சேமிப்பு 44,000. நான் முதலில் எழுதிய எண்ணில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 2 ஆண்டு என்றது 13 ஆண்டாகிவிட்டது. அதற்குள் இன்வெர்ட்டரையே மாற்ற வேண்டி வரலாம்.

இதனால் இன்வெர்ட்டர் வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே விதி முழுதாகப் பலிக்கும் இடங்கள் நம்மைச் சுற்றி நிறைய உண்டு. குளிர்விப்புக் கோபுரத்தின் விசிறி, பேரங்காடியின் காற்றோட்ட விசிறி ஆகியவை எதையும் உயரத்துக்குத் தூக்குவதில்லை. வேகத்தை 70 விழுக்காடாக்கினால் தேவைப்படும் திறன் 34 விழுக்காடு அளவுக்கு இறங்கும். ஜொகூரின் செம்பனை எண்ணெய் ஆலைகளிலும் கொதிகலன் விசிறிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே இன்னொரு கேள்வி எழும். ஆலை தன் நாரையும் ஓட்டையும் எரித்துத் தானே மின்சாரம் எடுக்கிறது. அங்கே மிச்சமாகும் ஒரு யூனிட், மின்கட்டண ரசீதில் குறையும் யூனிட் அல்ல. எரிக்காமல் விற்கக்கூடிய ஓட்டின் விலைதான் அதன் மதிப்பு. ஒரே கருவிதான், ஆனால் இடத்துக்கு இடம் கணக்கு வேறு.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. உலக மின்சாரத்தில் 43 முதல் 46 விழுக்காடு வரை மோட்டார் அமைப்புகளே பயன்படுத்துகின்றன என்று அனைத்துலக எரிசக்தி முகமை 2011-இல் கணக்கிட்டது. நம் நாட்டில் 2024-ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது மின்சாரமாகச் சொன்னால் 60 லட்சம் யூனிட், அல்லது அதற்கு மேல் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவுபெற்ற எரிசக்தி நிர்வாகியை நியமிக்க வேண்டும். எரிசக்தித் தணிக்கையும் செய்ய வேண்டும். அந்த வேலைகளுக்கு ஆள் தேவை. இன்று எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். படிக்கும் தம்பி தங்கைகளில் சிலர் நாளை அந்த அறிக்கைகளில் கையெழுத்திடுவார்கள்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்கப் போகிறது என்பதுதான் என் கவலை. வகுப்பில் சூத்திரத்தைச் சரியாக எழுதினால் முழு மதிப்பெண். கொடுக்கப்பட்ட எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை; நாமும் கேட்பதில்லை. தொழிற்சாலையில் அந்த எண்ணை நம்பி ஒருவர் பணம் போடுகிறார். பாதி மிச்சமாகும் என்று சொல்லிப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மிச்சமானால், அடுத்த முறை உண்மையிலேயே நல்ல திட்டத்தைக் கொண்டு போனாலும் அவர் கதவைத் திறக்க மாட்டார். ஊதிப் பெருக்கிய மதிப்பீட்டால் முதலில் அடிபடுவது மின்சேமிப்பின் மேல் இருக்கும் நம்பிக்கைதான்.

ஆகவே விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சேமிப்பைக் கணக்கிடச் சொல்லும் ஒவ்வொரு பயிற்சியிலும், அளந்த தரவுக்கும் ஊகித்த தரவுக்கும் தனித்தனியே மதிப்பெண் வையுங்கள். பல்கலைக்கழகக் கட்டடங்களிலேயே பம்புகளும் விசிறிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்களை அங்கே அழைத்துப் போய் அளக்க விடுங்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று. கால்குலேட்டரை எடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: இப்போது எவ்வளவு இழுக்கிறது? எத்தனை மணி நேரம் குறையும்? எது எப்படியும் குறையாது?

என் இரண்டாவது அறிக்கையில் பம்பை விட்டுவிட்டு, குளிர்விப்புக் கோபுர விசிறியை முதலில் அளக்கலாம் என்று பரிந்துரைத்தேன். அதில் சேமிப்பு எண் எதையும் எழுதவில்லை. சார்ஜ்மேன் அண்ணன் படித்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.