பெயரும் குடும்பப் பெயரும்

கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயத்திற்குச் செல்லும் நம் குடும்பங்களுள் எத்தனை பேர் அதனைக் கட்டியவரின் பெயரை அறிவர்? சென்னையில் வாணிகம் செய்து பெரும் பொருளீட்டிய போர்த்துக்கீசியரான ஜான் டி மாண்டி 1808-இல் அதனை எழுப்பினார். 1821-இல் மறைந்து அங்கேயே அடக்கம் பெற்றார். 'மாண்டே' என்பது மலையைக் குறிக்கும். மலையைத் தம் பெயரில் தாங்கியவர் கார்மேல் மலை அன்னைக்குக் கடலோரத்தில் கோயில் கட்டியது எத்துணைப் பொருத்தம்! தம் செல்வத்தைத் திருச்சபையின் அறப்பணிகளுக்கு விட்டுச்சென்ற அப்பெரியாரின் பெயரை, 2015-இல் வந்த ஒரு பேய்ப் படத்தின் வாயிலாகவே நம் இளைஞர் பலர் அறிந்துள்ளனர் என்பதுதான் வருத்தம்.

இத்தகைய பெயர்கள் நம்மவரிடையேயும் உண்டு. கர்வாலியோ என்பது கருவாலி மரம், பெரெய்ரா, பேரி மரம், மச்சாடோ, கோடரி, கோஸ்தா, கடற்கரை. இவற்றைத் தாங்குவோரைப் பார்த்து, "நீங்கள் பறங்கியர் வமிசமோ?" என வினவுவோர் இன்றும் உளர். அன்று. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது, ஞானத்தந்தையராய் நின்ற போர்த்துக்கீசியரின் பெயர்களை ஏற்றனர். குருதி தமிழ்க் குருதியே. பெயர்தான் ஞானப்பெற்றோர் வழி வந்தது. ஆகவே அதற்காக நாணவும் வேண்டா, செருக்குறவும் வேண்டா.

வேறு சில பெயர்களையோ நம் முன்னோர் தமிழாகவே ஆக்கிக்கொண்டனர். பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் 'சிறியவர்' என்று பொருள், ஆதலின் சின்னப்பர். ஸ்தேவான் என்னும் கிரேக்கப் பெயருக்கு 'மணிமுடி' என்று பொருள், ஆதலின் முடியப்பர். யோவான் என்பது இறைவனின் அருளைச் சுட்டும் எபிரேயச் சொல், ஆதலின் அருளப்பர். இவ்வளவு நுட்பமாகப் பெயர்த்தவர்கள் குடும்பப் பெயரைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து நமக்குப் போதுமானதாயிருந்தது.

மேனாட்டாரின் குடும்பப் பெயர்கள் பலவும் இதே வழியில் பிறந்தவையே. பெர்னாந்தஸ் என்றால் பெர்னாந்துவின் மகன். பொதுவுடைமை ஆட்சிக்கு அஞ்சாது நின்ற பிராகா நகரத்துக் கர்தினால் தொமாஷெக்கின் (1899–1992) குடும்பப் பெயருக்குச் செக் மொழியில் 'சின்னத் தோமா' என்று பொருள். பரங்கிமலையின் நிழலில் வாழும் நமக்கு அது எவ்வளவு நெருக்கமான பெயர்!

ஆனால் இன்று நம் பிள்ளைகள் அயல்நாடு செல்லக் கடவுச்சீட்டு விண்ணப்பம் நிரப்பும்போது, குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயர் ஏறிவிடுகிறது. சூசையின் மகன் அங்கே 'திருவாளர் சூசை' ஆகிறான். அவன் மனைவியும் மாமனார் பெயரால் அழைக்கப்படுகிறாள்! நகைப்புக்குரியதாயினும், திருமண வேளையில் ஆவணங்கள் ஒவ்வாதபோது கண்ணீராய் முடிவதுண்டு. குழந்தையின் திருமுழுக்குப் பதிவேட்டிலும், பிறப்புச் சான்றிதழிலும், பள்ளிப் பதிவிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் உள்ளதா எனப் பெற்றோர் இப்பொழுதே ஒப்பிட்டுப் பார்ப்பாராக. பிழையிருப்பின் பங்குத்தந்தையை அணுகுங்கள். ஓலை எழுதி மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கும் நாளில் அன்று.