சான்றிதழ் இல்லாத மெக்கானிக்

தாராவி தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் டாக்சி ஓட்டியவர்களுக்கு மெக்கானிக் அண்ணாச்சியைத் தெரியாமல் இராது. சென்ற மாதம் காலமானார். இறுதி ஊர்வலத்தில் பாதிப் பேர் டாக்சிக்காரர்கள். அவர்களில் நம்மவர்களைவிட வடக்கத்தியரே அதிகம்.

பத்மினி வண்டியின் சத்தத்தைக் கேட்டே, கோளாறு கார்புரேட்டரிலா பிளாட்டினம் பாயிண்டிலா என்று சொல்லிவிடுவார். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நான்கு நாளும் அண்ணாச்சி வீடு தங்கவில்லை. என்ஜின்களில் புகுந்த தண்ணீரை வடித்து வண்டிகளை ஓட வைத்தார். கூலி கேட்டால், "ஓட்டிச் சம்பாதித்துக் கொடு" என்பார். சிலர் கொடுக்கவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாலையில் மண்ணெண்ணெயில் கை கழுவி, சோப்புப் போட்டு, முகர்ந்து பார்த்த பிறகுதான் மகளைத் தூக்குவார்.

2003-ல் பதிவான கடைசி பத்மினி டாக்சியும் 20 ஆண்டு முடிந்து 2023-ல் ஓய்வு பெற்றது. அண்ணாச்சியிடம் தொழில் பழகிய பையன்கள் இன்று பெரிய பட்டறைகளில் வேலை கேட்டால், "சான்றிதழ் எங்கே?" என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த தொழிலா அது? பழகிய தொழிலைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு, 2015-ல் தொடங்கிய மத்திய அரசுத் திறன் பயிற்சித் திட்டத்திலேயே இருக்கிறது. அதை இந்தப் பையன்களுக்குச் சொல்வாரில்லை.

நம் சங்கங்கள் பொங்கல் விழாவில் பட்டிமன்ற மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடட்டும். படிவம் நிரப்ப நான் வருகிறேன். ரயில்வேயில் எனக்கு அதுதானே வேலை!