காவல் கேட்கும் முன் காவலனை அறிவோம்

பள்ளிக்குக் கிளம்பும்போது நன்னி என்னை வாசலில் நிறுத்தி, ஆயத்துல் குர்ஸியை ஓதி நெற்றியில் ஊதிவிடுவார். தொடக்கநிலை ஒன்றிலிருந்து உயர்நிலை நான்கு வரை இது ஒருநாளும் தவறியதில்லை. மின்தூக்கி வந்து நின்றாலும் ஓதி முடிக்கும்வரை விடமாட்டார். அந்த ஊதலோடு போனால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பியிருந்தேன்.

ஆனால், ஆனது. சாதாரண நிலைத் தேர்வில் கணிதத் தாளைத் திருப்பியதும் கைகள் நடுங்கின, மூச்சு முட்டியது. தெரிந்த கணக்குகள்கூட மறந்துபோயின. பாதித் தாளை வெறுமையாக விட்டுவிட்டு வெளியே வந்தேன். முடிவு வெளியான நாளில், நான் ஆசைப்பட்ட தொடக்கக் கல்லூரி கைநழுவிப் போனது.

அன்றிரவு நன்னியிடம் கோபமாகக் கேட்டேன். “தினமும் ஓதுனீங்களே நன்னி, பாதுகாப்பு எங்கே போச்சு?”

நன்னி கடிந்துகொள்ளவில்லை. “நீயும்தான் ஓதுற. அதுல அல்லாஹ்கிட்ட என்ன கேக்குறோம்னு சொல்லு பார்ப்போம்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிறுவயதில் மனனம் செய்தது. பொருளைத் தேடியதே இல்லை.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான அல்பகராவின் 255ஆம் வசனம் அது. தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துப் படித்தபோது வியப்பாக இருந்தது. பாதுகாப்புக்காக முஸ்லிம்கள் அதிகம் ஓதும் அந்த வசனத்தில் ஒரு வேண்டுதல்கூட இல்லை. “என்னைக் காப்பாற்று” என்ற சொல்லே இல்லை. அது முழுவதும் இறைவன் யார் என்றுதான் பேசுகிறது. அவன் என்றும் உயிரோடு இருப்பவன், உறக்கம் அண்டாதவன், முன்னும் பின்னும் உள்ளதை அறிந்தவன், வானங்களையும் பூமியையும் காப்பதில் சோர்வடையாதவன். நன்னியின் கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வசனம் தரும் காவல், அவனை அறிவதிலிருந்து தொடங்குகிறது.

நம்மில் பலர் பிரார்த்தனையைக் காப்புறுதித் திட்டம் போல நடத்துகிறோம் என்பது என் கருத்து. ஓதுவது சந்தா, இடர் வந்தால் இழப்பீடு வேண்டும். இழப்பீடு வராதபோது, நான் கோபப்பட்டதுபோல நிறுவனத்தின் மீது கோபப்படுகிறோம். ஆனால், யாரென்றே தெரியாத ஒருவரை எப்படி நம்ப முடியும்?

இமாம் கஸ்ஸாலி இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் இறைவனின் ஒருமையை அறிவதையும் அவன்மீது பொறுப்புச் சாட்டுவதையும் ஒரே பகுதியில் சேர்த்தே எழுதினார். இறைநம்பிக்கையின் முதல் படிக்கு அவர் காட்டும் உதாரணம், வழக்கு ஒன்றில் சிக்கியவர் தமக்காக வாதாட ஒருவரை அமர்த்துவது. அவருக்கு விவரம் தெரியும், திறமை உண்டு, நம்மீது அக்கறையும் உண்டு என்று அறிந்தால்தான் மனம் அமைதியடையும். நாம் தமிழில் சொல்லும் ‘வக்கீல்’ என்ற சொல்லே அரபு மொழியிலிருந்து வந்ததுதான். ‘அல்-வகீல்’ என்பது இறைவனின் திருநாமங்களில் ஒன்று.

கஸ்ஸாலி இதை வெறும் ஏட்டறிவாக எழுதவில்லை. 1095ஆம் ஆண்டு, பாக்தாதின் புகழ்பெற்ற நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் ஆசிரியராக இருந்தபோது கடும் மன நெருக்கடிக்கு ஆளானார். பாடம் நடத்த நாவே எழவில்லை. மருத்துவர்களும் இது உள்ளத்தின் நோய் என்று கைவிரித்தனர். அவ்வளவு பெரிய அறிஞருக்கே நா எழவில்லை என்றால், தேர்வறையில் நடுங்கிய என் கைகளுக்காக நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்த பிறகு மாணவர் ஆலோசகரைச் சந்திக்கத் தொடங்கினேன். “தொழுகை ஒழுங்கா இருந்தா ஆலோசகர் எதுக்கு?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். ஆனாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

622ஆம் ஆண்டு நபிகள் நாயகம் (ஸல்) மக்காவை விட்டு மதினாவுக்குப் புறப்பட்ட விதத்தைப் பாருங்கள். மதினா இருப்பது வடக்கே. அவர்கள் முதலில் சென்றதோ தெற்கே, தவ்ர் குகைக்கு. அங்கு மூன்று இரவுகள் தங்கினார்கள். ஒட்டகங்களும் உணவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன. கூலிக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டி ஒரு முஸ்லிம்கூட இல்லை. பாதை அறிந்தவர், நாணயமானவர், அது போதுமானதாக இருந்தது. செய்ய வேண்டிய அத்தனையையும் செய்த பிறகு, தேடி வந்தவர்கள் குகை வாசலில் நின்றபோதுதான், கலங்கிய அபூபக்கரிடம் (ரலி) இறைவன் நம்மோடு இருக்கிறான் என்று நபிகளார் ஆறுதல் கூறினார்கள். அந்த நம்பிக்கை முயற்சிக்கு மாற்றாக வரவில்லை. முயற்சி முடிகிற இடத்தில் மனம் உடையாமல் காத்தது.

இறைவனின் பாதுகாப்பு என்றால் எதுவும் நடக்காது என்பதல்ல. நடப்பது நம்மை உள்ளிருந்து தின்றுவிடாமல் இருப்பதும் பாதுகாப்புதான். ஒரு மதிப்பெண் என் மொத்த மதிப்பையும் சொல்லிவிடாது என்று தெரிந்திருப்பதும், உதவி கேட்கத் துணிவு வருவதும் அதில் அடங்கும்.

சக மாணவர்களே, நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், மனப்பாடமாகச் சொல்லும் ஒரு பிரார்த்தனையின் பொருளை இந்த வாரம் தேடிப் படியுங்கள். மனம் தாங்க முடியாத அளவுக்குக் கனத்தால் ஒருவரிடம் பேசுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

சென்ற பருவத் தேர்வின்போதும் என் கைகள் நடுங்கின. ஆலோசகர் சொல்லித் தந்தபடி மூச்சை மெல்ல இழுத்து விட்டேன். பிறகு ஆயத்துல் குர்ஸியைப் பொருள் உணர்ந்து ஓதினேன். நடுக்கம் முழுதாக நிற்கவில்லை. ஆனால், இம்முறை தாளை வெறுமையாக விடவில்லை. கஸ்ஸாலி சொன்ன முதல் படியில்தான் நான் இன்னும் நிற்கிறேன். நன்னி இன்றும் வாசலில் நிறுத்தி ஊதிவிடுகிறார். இப்போது மின்தூக்கி வந்தாலும் நான் அவசரப்படுத்துவதில்லை.