பெயரறியா உட்கிளைகள்

அறியாததைக் கேட்டறிதல் கல்விக்கு முதற்படி என்பது யாவரும் ஒப்பும் உண்மை. ஆயின், பெயரே தெரியாத ஒன்றை எங்ஙனம் கேட்பது? கோவில்பட்டிச் சீமையின் நிலக்கணக்கை நோக்குக. கரிசற்காடு தந்தையிடமிருந்து மக்களுக்குப் பாகமாகுந்தோறும் ஒரே சர்வே எண்ணின்கீழ் உட்பிரிவுகள் பெருகுகின்றன. காடு வாங்க வருபவர், ‘2ஏ உண்டா, 3பி உண்டா’ என ஊகித்து வினவினால் ஏதேனும் ஒன்று விடுபடும். அவ்வெண்ணின்கீழ் உள்ள யாவற்றையும் கணக்கிலிருந்து வரிசையாய் வாசிக்கச் செய்வதே முறை.

விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இத்தகைய கணக்கொன்று உண்டு. 1995-இல் விண்டோஸ் 95 வெளிவந்த காலந்தொட்டு, புரோகிராம்களின் அமைப்பு விவரங்கள் பலவும் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் கிளைக்குள் கிளையாய் வைக்கப்பெறுகின்றன. அதில் ‘அன்இன்ஸ்டால்’ என்னும் கிளையின்கீழ்ச் சில உட்கிளைகள் புரோகிராமின் பெயரையே தாங்கும். வேறு சில, நினைவிற்கொள்ள ஒண்ணாத நீண்ட அடையாளக் குறியைத் தாங்கும். இவற்றை ஊகித்தல் வீண்.

லாரி வால் என்பார் 1987-இல் வெளியிட்ட பெர்ல் மொழி இதற்கு ஏற்ற கருவியாம். கிளையைத் திறந்து, பூஜ்யம் தொடங்கி எண்ணை ஒவ்வொன்றாய் உயர்த்தி, ‘இவ்விடத்துள்ள உட்கிளையின் பெயர் யாது?’ என விண்டோஸையே வினவுக. ‘இனி இல்லை’ என்னும் விடை வருங்கால் நிறுத்துக. கிடைத்த ஒவ்வொன்றினுள்ளும் அவ்வினாவையே மீட்டும் கேட்பின், அதன் கீழுள்ளவை விளங்கும். சில கிளைகள் உரிமையில்லாரைத் திறக்க விடா. அவற்றையும் ‘மறுக்கப்பட்டது’ எனக் குறித்தல் வேண்டும். மேலும், 64-பிட் விண்டோஸில் 32-பிட் பெர்லுக்குச் சில கிளைகளின் வேறொரு பகுதியே காட்டப்பெறும் என்பதை மறவற்க.

மாணவர் சிலர், யந்திரம் மந்தமானவுடன் அறியாத பெயர்களை அழிக்கத் துணிகின்றனர். வானம் பார்த்த பூமியின் விளைச்சலை நம்பிய குடும்பம் அரிதிற் பணம் சேர்த்து வாங்கித் தந்த கம்ப்யூட்டர், ஒரு கிளை அழிந்தமையால் இயங்காதொழிதலுங் கூடும். தெரியாத பெயரெல்லாம் தீயதன்று. தெரிந்த பெயரிலேயே தீய புரோகிராம் ஒளிவதும் உண்டு.

ஆதலின், ரெஜிஸ்ட்ரியை மாற்றக் கற்பிக்குமுன் அதனை வாசித்துப் பட்டியலிடக் கற்பித்தல் வேண்டுமென்பது எமது துணிபு. புதியதொரு புரோகிராமை நிறுவுமுன் ஒரு பட்டியலும், நிறுவியபின் மற்றொன்றும் எடுத்து ஒப்பிடுக. புதிதாய் முளைத்த உட்கிளைகள் அப்போதே புலப்படும். படித்தறிந்த பின்னர்க் கைவைப்பதே கற்றவர்க்கு அழகு.