அப்போதே சொன்னவர்களுக்கு என்ன ஆயிற்று?

விளையாட்டுத் துறையில் பாலியல் புகார் ஒன்று வெளிவந்துவிட்டால் போதும், டீக்கடையிலிருந்து டி.வி. விவாதம் வரை ஒரே கேள்வி கிளம்பும்: “இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க? நிஜம்னா அப்பவே சொல்லியிருக்கலாமே?” 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் கைதானபோது கேட்டார்கள். 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தபோதும் கேட்டார்கள். கேட்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. பலருக்கு இது நியாயமான சந்தேகமாகவே படுகிறது. ஆனால் அதற்குள் நாலைந்து நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட நடந்த கதைகளோடு ஒத்துப்போகவில்லை.

உடனே சொன்னால் உடனே நடவடிக்கை வரும் என்பது முதல் நம்பிக்கை.

1990 ஆகஸ்ட், ஹரியானாவின் பஞ்ச்குலா. ருச்சிகா கிர்ஹோத்ராவுக்கு அப்போது 14 வயது, டென்னிஸ் கற்றுக்கொண்டிருந்தாள். மாநில டென்னிஸ் சங்கத் தலைவர் தன் அலுவலகத்திலேயே அவளிடம் அத்துமீறினார். அவர் காவல்துறையில் ஐ.ஜி.யாக இருந்தவர். கூடப் போயிருந்த தோழியே சாட்சி. சில நாட்களுக்குள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் டி.ஜி.பி.யும் விசாரித்து, வழக்குப் பதியலாம் என்று அறிக்கை தந்துவிட்டார். இதைவிடச் சீக்கிரமாக ஒரு சிறுமி எப்படிச் சொல்ல முடியும்? அந்த மாதமே பள்ளிக்கூடம் அவளை நீக்கியது. கட்டணம் கட்டவில்லை என்று காரணம் சொன்னார்கள். சகோதரன்மேல் அடுத்தடுத்து கார் திருட்டு வழக்குகள் பாய்ந்தன. 1993 டிசம்பரில் ருச்சிகா தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். எஃப்.ஐ.ஆர். பதிவானது 1999 டிசம்பரில். அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர் மாநில டி.ஜி.பி.யாகவே ஆகியிருந்தார். 2009இல் ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் அது 18 மாதமானது. 2016இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது. ஆனால், ஏற்கெனவே சிறையிலிருந்த காலமே தண்டனையாகப் போதும் என்றது. தோழியின் பெற்றோர் விடாமல் கோர்ட்டுக்கு அலைந்திருக்காவிட்டால் இதுவும் நடந்திருக்காது.

அந்தக் காலம், அந்த ஊர் அப்படி என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் அணி டாக்டர் லாரி நாசரைப் பற்றிய புகார் 2015 ஜூலையில் எஃப்.பி.ஐ.க்குப் போனது. ஒலிம்பிக் சாம்பியன் மெக்கேலா மரோனி அந்த செப்டம்பரில் போனில் நீண்ட வாக்குமூலம் கொடுத்தார். 2016 செப்டம்பரில் ஒரு செய்தித்தாள் எழுதும்வரை நாசர் டாக்டராகத் தொடர்ந்து வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புகார் போன பிறகும் அவர் கைக்குச் சிக்கியவர்கள் சுமார் 70 பேர் என்று அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை 2021இல் சொன்னது.

நடந்தது தப்பு என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கும் என்பது அடுத்தது. அலுவலகத்திலும் பஸ்ஸிலும் அது சரியாக இருக்கலாம். மைதானத்தில் தொடுவதே பாடம். தோளைப் பிடித்துத் திருப்புவார்கள், இடுப்பைப் பிடித்துத் தூக்குவார்கள், தொடைத் தசை பிடித்துக்கொண்டால் அமுக்கிவிடுவார்கள். எந்த இடத்தில் ஸ்ட்ரெச்சிங் முடிந்து வேறொன்று ஆரம்பிக்கிறது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கேட்பது என்ன நியாயம்? நாசர் சில சமயம் பிள்ளையின் அம்மா அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே ‘சிகிச்சை’ செய்திருக்கிறார். பார்வையை மறைக்கிற மாதிரி நடுவே நின்றுகொள்வார், அவ்வளவுதான். பெற்றோர் கூடவே இருந்தால் ஒன்றும் நடக்காது என்பவர்களுக்கும் இதுவே பதில்.

“பதக்கம் வாங்குற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க” என்ற குத்தல் ஒன்று உண்டு. இதைச் சொல்பவர் ஒரு மாவட்டத் தடகளப் போட்டிக்குக்கூடப் பிள்ளையைக் கூட்டிப்போயிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும். பெயர் கொடுப்பது கோச். எந்தப் போட்டியில் இறங்கலாம் என்று முடிவு செய்வது கோச். விடுதியில் இடம் கிடைப்பதும் கேம்ப்புக்குப் போவதும் அவர் சொல்லில் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டும் பிறகு அரசு வேலையும் வேண்டுமானால் சர்டிபிகேட் வேண்டும். அதற்கு முன் செலக்‌ஷன் வேண்டும். விவசாயக் கூலி வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஒரு தாள்தான் குடும்பத்தின் எதிர்காலம். அது கைக்கு வந்த பிறகு வாயைத் திறந்தால் சந்தர்ப்பவாதம் என்கிறோம். வருவதற்கு முன்னால் திறந்திருந்தால் அவள் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

கமிட்டி இருக்கிறதே, அங்கே போவதுதானே? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்டேடியத்தையும் பயிற்சி நிலையத்தையும் பணியிடம் என்றே கணக்கில் எடுக்கிறது. புகார்க் குழுவுக்குத் தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள் என்கிறது. 2023இல் மல்யுத்தக் கூட்டமைப்பின் ஐவர் குழுவில் தலைவர் அதன் பொதுச்செயலாளரே; ஒரே பெண் சாக்ஷி மாலிக். புகார் சொல்ல வந்து தெருவில் உட்கார்ந்தவர்களில் ஒருவர்! ஜனவரியில் உட்கார்ந்ததற்கு ஒரு மேற்பார்வைக் குழு கிடைத்தது. ஏப்ரலில் மறுபடி உட்கார்ந்து, உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் டெல்லி போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டது.

பொய்ப் புகார் வராதா? வரலாம். அதே விவகாரத்தில் சிறுமி ஒருவர் பெயரிலிருந்த போக்சோ வழக்கு 2025இல் முடித்துவைக்கப்பட்டது. வீராங்கனைகள் தரப்பு வழக்கில் 2024இலேயே குற்றச்சாட்டு வனைந்தாயிற்று, எதிர்த்தரப்பு அதை மறுக்கிறது, தீர்ப்பைக் கோர்ட் சொல்லட்டும். என் கவலை வேறு. நல்ல கோச்சின் பெயர் கெடக் கூடாது என்பவர்கள், மூடிய அறையில் ஒருவர் தனியாகச் சிகிச்சை தரக் கூடாது என்ற விதியை அல்லவா முதலில் கேட்க வேண்டும்? அது அவரையும்தானே காப்பாற்றும்.

கடைசி வாதம் பெற்றோர் பெயரால் வருகிறது: “இதையெல்லாம் பெருசாக்கினா எவனும் பொம்பளப் புள்ளைய கிரவுண்டுக்கு அனுப்ப மாட்டான்.” இந்தப் பயம் பொய்யில்லை. ஓரிரு செய்தி வந்தாலே பயிற்சிக்கு வரும் பெண்கள் குறைந்துபோகிற ஊர்கள் இருக்கின்றன. ஆனால் 2022இல் நடந்ததைப் பாருங்கள். ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குப் போன சைக்கிள் வீராங்கனை ஒருவர், கோச் தன்னோடு ஒரே அறையில் தங்கச் சொல்கிறார் என்று இந்திய விளையாட்டு ஆணையத்துக்கு எழுதினார். அவரை உடனே ஊருக்கு வரவழைத்தார்கள். விசாரணைக் குழு புகாரில் முகாந்திரம் இருக்கிறது என்றதும் கோச்சின் ஒப்பந்தம் ரத்தானது. அந்த ஜூன் மாதமே, வீராங்கனைகள் போகும் அணியோடு பெண் பயிற்சியாளர் ஒருவர் போயாக வேண்டும் என்று விதி வந்தது. ஒரு பெண் வாயைத் திறந்ததால் அடுத்த பெண்ணைக் கூட்டிப்போக ஆள் வந்தது.

2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் பாதுகாப்புக் கொள்கை ஒன்றைக் கேட்கிறது. விளையாட்டுக் கூட்டமைப்புகளின் நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் என்கிறது. நல்லது. மாவட்ட அளவில் அது இறங்கும்போது இரண்டு விஷயம் இருக்கிறதா என்று பார்ப்பேன்: புகாரை வாங்குபவர் அந்தச் சங்கத்துக்கு வெளியே இருப்பவரா, புகார் நிலுவையில் இருக்கும்போது அந்தப் பெண்ணின் செலக்‌ஷனிலும் சர்டிபிகேட்டிலும் கையெழுத்துப் போடுவது யார்.