குளிருக்கு அஞ்சி வாங்கும் ஃபேர்னஸ்

ரொறொன்ரோவில் ஒரு தை மாத இரவு. வெளியே மைனஸ் 19 பாகை. அதிகாலை இரண்டு மணியளவில் வீட்டின் வழக்கமான முனகல் நின்றுபோனதை உணர்ந்து நாம் விழித்துக்கொண்டோம். கால் நூற்றாண்டாக நிலவறையில் உழைத்த ஃபேர்னஸ் ஓய்ந்திருந்தது. காலையில் வந்த எரிவாயுத் தொழில்நுட்பர் அதன் முன்தகட்டைக் கழற்றி, சிறு கமராவொன்றை உள்ளே செலுத்தி, வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு விழுந்திருப்பதைத் திரையிற் காட்டினார். எரிவாயுவை அடைத்துவிட்டுச் சிவப்பு அட்டையொன்றைக் கட்டித் தொங்கவிட்டார். அந்த வெடிப்பின் வழியே காபன் மொனொக்சைட் வீட்டுக் காற்றில் கலக்கலாம் என்பதால் இதில் வாதாட இடமில்லை. (படத்தைக் காட்டாமல் அட்டையை மட்டும் கட்டுகிறவரிடம் படத்தைக் கேட்டு வாங்குங்கள். புதியது விற்கும் அவசரத்திலும் சில அட்டைகள் கட்டப்படுகின்றன. ஆயினும் இன்னொருவர் வந்து பார்க்கும்வரை அதை மூட்ட வேண்டாம்.)

அன்று பிற்பகலுக்குள் இரண்டு விற்பனையாளர்கள் வந்து போயினர். இருவரும் நிலவறைக்கு இறங்கினர், பழைய இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தனர், மேலே ஏறினர். தகட்டில் 1,00,000 பி.ரி.யு. என்றிருந்தது. முதலாமவர் அதே அளவில் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். இரண்டாமவர் எங்கள் முகங்களையும் அம்மாவின் தோளிற் கிடந்த இரண்டு கம்பளிகளையும் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டவருக்குக் குளிர் ஆகாதல்லவா, 1,20,000 போட்டுவிடுவோம்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். நாமும் உடன்படும் நிலையில் இருந்தோம் என்பதை மறைக்கப் போவதில்லை.

நாம் சொல்ல வருவது இந்தக் கனிவைப் பற்றித்தான். இந்நாட்டில் ஃபேர்னஸ் வாங்கும்போது தெரிவைச் செய்வது பெரும்பாலும் அச்சம். பெரியது என்றால் பாதுகாப்பு என்று அது நினைக்கிறது. நம்மவரிடம் அந்த அச்சம் சற்று அதிகம். நமது மொழியில் உலை என்றால் சோற்றுக்கு வைப்பது, அல்லது கொல்லனுடையது. வீட்டுக்கே உலை வைப்பது நமக்குப் பழக்கமில்லாத காரியம். நெடுநல்வாடையில் குளிர்காயும் கனற்சட்டிக்குத் 'தடவு' என்றொரு சொல் வருகிறது. அழகான சொல். ஆனால் தடவுக்குப் பொருந்தும் தர்க்கம் ஃபேர்னஸுக்குப் பொருந்தாது. சட்டியில் கனல் மிகுந்தால் சற்றுத் தள்ளி உட்காரலாம். நிலவறையில் இருக்கும் ஃபேர்னஸிலிருந்து எங்கே தள்ளி உட்காருவது?

தகட்டிலுள்ள எண் வீட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அது உள்ளே எரியும் எரிவாயுவின் அளவு. எங்கள் பழைய இயந்திரம் எரித்ததில் 80 சதவீதத்தை வீட்டுக்குத் தந்தது, மீதியைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்பியது. இன்றைய இயந்திரம் 96 சதவீதம் தருகிறது. ஆகவே அதே எண்ணைக் கொண்ட புதிய இயந்திரம் உண்மையில் பழையதிலும் ஐந்தில் ஒரு பங்கு பெரியது. இது போக, பழையது பொருத்தப்பட்ட பின்னர் நாம் யன்னல்களை மாற்றியிருக்கிறோம், கூரையடியில் வெப்பக்காப்பு இட்டிருக்கிறோம். வீடு குறைவாக இழக்கிறது, இயந்திரமோ அதிகமாகக் கொடுக்கப் பார்க்கிறது. அந்தப் பழைய எண்ணையும் எவரேனும் அளந்து வைத்தாரா? அவருக்கு முன்வந்தவரும் ஒரு தகட்டைப் படித்திருப்பார் என்பதே நமது ஊகம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மிகக் குளிர்ந்த இரவில் இந்த வீடு மணிக்கு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது? இதைக் கணக்கிட எஃப்280 என்றொரு கனடியத் தர அளவை இருக்கிறது. சுவர், யன்னல், கூரை, காற்றுக்கசிவு எல்லாவற்றையும் அளந்து, அந்தந்த ஊருக்குரிய குளிர்நிலையை வைத்துக் கணிப்பார்கள். ரொறொன்ரோப் பகுதிக்கு அது மைனஸ் 18 முதல் 20 வரை. வந்த இருவரும் அதன் பெயரைக்கூட எடுக்கவில்லை.

அன்றிரவு நாம் எரிவாயுப் பற்றுச்சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டோம். முந்தைய தை மாதத்தில் 550 கனமீற்றர். கோடையில் வெந்நீருக்கும் சமையலுக்குமாக மாதம் 50 கனமீற்றர் போகிறது. மீதி 500-உம் ஃபேர்னஸ் எரித்தது. ஒரு கனமீற்றரில் ஏறக்குறைய 35,300 பி.ரி.யு. வெப்பம் உண்டு. அதில் 80 சதவீதம் வீட்டுக்கு வந்தது என்று கொண்டு மாதத்தின் 744 மணித்தியாலங்களால் வகுத்தால், மணிக்குச் சராசரி 19,000. அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 4, வீட்டினுள் 20, வித்தியாசம் 24 பாகை. மைனஸ் 20-இல் வித்தியாசம் 40 பாகையாகும். கணக்கு 32,000 பி.ரி.யு. என்று வந்து நின்றது.

1,20,000 போடச் சொன்னவரை நினைத்து நாம் மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போட்டோம். அதே விடை.

இதை நம்புவதற்கு வேறொரு சாட்சியும் கிடைத்தது. அவசரத்தில் ஒப்பமிட வேண்டாம் என்று முடிவு செய்து, அயலாரிடமிருந்து நான்கு மின்சூடேற்றிகளை இரவல் வாங்கி, வெவ்வேறு மின்சுற்றுகளில் செருகி இரண்டு இரவுகளைக் கழித்தோம். குழாய்கள் உறையாதிருக்கத் தண்ணீரைச் சொட்ட விட்டோம். ஒவ்வொன்றும் 1,500 வாற், மொத்தம் 6,000, பி.ரி.யு.வில் மணிக்கு 20,500. இரண்டாம் இரவு வெளியே மைனஸ் 13. வீட்டினுள் 12 பாகையில் நின்றது, இறங்கவில்லை. 25 பாகை வித்தியாசத்துக்கு 20,500. பற்றுச்சீட்டுக் கணக்கும் ஏறத்தாழ இதையேதான் சொன்னது. கம்பளிக்குள் நடுங்கியபடி இப்படி மகிழ்ந்ததை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

அளவுக்கு மிஞ்சிய ஃபேர்னஸ் என்ன செய்யும்? ஐந்து நிமிடம் உறுமும், சீராக்கி இருக்கும் கூடத்தைச் சுட வைக்கும், நின்றுவிடும். தூரத்து அறைக்குச் சூடு போய்ச் சேருமுன் நின்றுவிடும். ஆகவே ஒரு பெரிய இயந்திரத்தை வாங்கிய பிறகும் பின்னறையில் குளிர்கிறது என்பார்கள், அதற்குப் பரிகாரமாக இன்னும் பெரியதை யோசிப்பார்கள். மேலும், பெரிய தீக்குப் பெரிய காற்றோட்டம் வேண்டும். சிறிய வீட்டின் தகரக் குழாய்கள் அவ்வளவு காற்றைக் கொண்டுபோக மாட்டா. பரிமாற்றி மிகையாகச் சூடேறும், ஆறும், மறுபடி சூடேறும். உலோகம் இப்படி விரிந்து சுருங்கித்தான் வெடிப்பு விழுகிறது. எங்கள் பழையதும் இந்த வழியில்தான் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

விற்பனையாளர்கள் அதிகம் பேசுவது செயற்றிறன் சதவீதத்தைப் பற்றி. கனடாவில் 2019 யூலையிலிருந்து வீட்டு எரிவாயு ஃபேர்னஸுக்குக் குறைந்தபட்சம் 95 சதவீதம் என்பது விதி. ஆகவே 96-உக்கும் 98-உக்கும் இடையிலான போட்டி நூறு டொலர் பற்றுச்சீட்டில் இரண்டு டொலர் பற்றியது. அதிலே நேரம் செலவிட வேண்டியதில்லை. செலவிட வேண்டியது வேறிடத்தில். இந்த இயந்திரங்கள் புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து நீராக்கி அதன் வெப்பத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் புகை, பிளாஸ்ரிக் குழாயில் பக்கச் சுவர் வழியே வெளியேறுகிறது. அந்தக் குழாயின் வாயைப் பனிக்குவியல் மூடாத உயரத்தில் வைக்கிறார்களா? ஃபேர்னஸ் விலகிய பின், பழைய புகைபோக்கியில் தனித்துவிடப்படும் வெந்நீர்த் தொட்டியின் புகை ஒழுங்காக மேலேறுமா? விலைத்தாளில் இவை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகை ஒப்பந்தங்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒன்ராறியோவில் அழைக்காமல் வீடு தேடி வந்து ஃபேர்னஸ் விற்பதும் வாடகைக்கு விடுவதும் 2018 மார்ச் 1 முதல் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. அதற்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு முதியவர் வீட்டுக்கு, அரசாங்கத்திலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் அடையாள அட்டையைக் காட்டி நுழைந்தார். ஐயாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஒப்பமிட்டார். ஆண்டுகள் கழித்து வீட்டை விற்கப் போனபோதுதான், வீட்டின் உறுதியிலேயே அந்த ஃபேர்னஸின் பெயரில் ஒரு பிணைப் பதிவு ஏறியிருப்பதும், அதை நீக்க இயந்திரத்தின் விலையைப் போலப் பல மடங்கு கேட்பதும் தெரிந்தன. அத்தகைய பதிவுகளை மாகாணச் சட்டம் 2024 யூன் 6-இல் செல்லாதவையாக்கியது. பதிவு போயிற்றே தவிர ஒப்பந்தம் தானாகப் போய்விடுவதில்லை. வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தத்தைப் பத்து நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலக்கிக்கொள்ளலாம் என்பதைப் பெற்றோர் தனித்து வாழும் வீடுகளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது நல்லது.

மூன்றாம் நாள் வந்தவர் அளவு நாடாவோடு வந்தார். யன்னல்களை எண்ணினார், கூரையடிக்கு ஏறினார், மடிக்கணினியைத் திறந்தார். 33,000 என்றார். 40,000 எரிக்கும், 38,400 தரும் இயந்திரமொன்றைப் பரிந்துரைத்தார். விலையும் மற்ற இருவர் கேட்டதிலும் குறைவு. மறுநாள் பொருத்தினோம்.

ஹீற் பம்ப் ஏன் போடவில்லை என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மிதமான குளிரில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பத்தை வெளிக்காற்றிலிருந்து இறைத்துத் தருகிறது. மைனஸ் 15-இல் அந்தப் பலன் இறங்கிவிடும், ஆனால் குளிர்நாட்டுக்கென்று செய்யப்பட்டவை அப்போதும் நின்றுவிடுவதில்லை. ஒன்ராறியோவின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணுவாலும் நீராலும் வருவதால் புகைக்கணக்கிலும் அதுவே மேல். 1,00,000 என்ற எண்ணை நம்பியிருக்கும் வீட்டுக்காரர் அதற்கு ஹீற் பம்ப் விலை கேட்டால் மயங்கி விழுவார். 32,000 என்று அறிந்தவருக்கு அது எட்டக்கூடிய பொருள். ஆயினும் அதற்கு வெளிமுற்றத்தில் இடம் பார்க்க வேண்டும், மின்பலகையின் கொள்ளளவைப் பார்க்க வேண்டும், நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். நான்கு இரவற் சூடேற்றிகளோடு தை மாதத்தில் அதைச் செய்ய எங்களால் முடியவில்லை. இன்று வாங்கும் ஃபேர்னஸ் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருக்கும். அவ்வளவு நீண்ட முடிவை இரண்டு நாளில் எடுத்தோம் என்பது இன்னும் உறுத்துகிறது.

அடுத்த மாரியில் மைனஸ் 20 இரவொன்று வந்தது. ஃபேர்னஸ் மணிக்கு ஐம்பது நிமிடம் மெல்ல ஓடியது, பத்து நிமிடம் ஓய்ந்தது. "இது நிக்காமல் ஓடுதே, பழுதோ?" என்று அம்மா இருமுறை எழுந்து வந்து கேட்டார். பின்னறையில் 20 பாகை. எங்கள் கோடைக்கால ஏசி 2009-இல் பொருத்தியது, அதற்கும் நாள் நெருங்குகிறது. அந்த இடத்தில் ஹீற் பம்ப் வைத்தால் கோடையில் குளிர்விக்கும், மாரியின் பெரும்பகுதிச் சூட்டையும் தரும், ஃபேர்னஸ் கடுங்குளிருக்கு மட்டும் துணைநிற்கும். அந்த அளவு நாடாக்காரரை இம்முறை புரட்டாதியிலேயே வரச் சொல்லியிருக்கிறோம்.