அவள் சொல்வதைக் கேட்போம்

2017-இல் மகளைப் பெற்றெடுத்த மறுநாள் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்சுக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. நுரையீரலில் இரத்தம் உறைந்திருக்கலாம் என்றார். செவிலியர் முதலில் நம்பவில்லை. அவர் வற்புறுத்திய பிறகே ஸ்கேன் அதை உறுதிசெய்தது, உயிர் பிழைத்தார்.

அமெரிக்காவில் 2023-இல் ஒரு இலட்சம் குழந்தைப் பிறப்புக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர் இறந்தனர். கறுப்பினத் தாய்மாரோ 50.3 பேர். எனவே, செரீனாவின் தலைமுறைக் கறுப்பினப் பெண்கள் ஓய்வையும் உடல்நலத்தையும் பேண விரும்புவதை நாம் தன்னலம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இரத்தப்போக்கினால் வருந்திய பெண் நடந்ததை முழுவதும் சொல்லும்வரை ஆண்டவர் கூட்டத்தின் நடுவே நின்று கேட்டார், மகளே என்றழைத்தார். இறைவன் தந்த உடலைப் பேணுவது பெண்ணின் கடமை. அவள் சொல்வதை நம்பிக் கேட்பது நம் கடமை. நம் இல்லங்களில் கேட்கிறோமா?